பறக்கிற படத்துக்கு என் ஓட்டு இல்லை

ஜூன் 5, வெள்ளி

காலையில் பல் டாக்டர் போன் பண்ணினார். எங்கள் திரைப்படச் சங்கத்தின் இந்த வருஷப் பரிசுக்கு அவர் ஓட்டு பறக்கிற படத்துக்காம். நான் ஏதோ கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இறுதிக்கு வந்தவை இரண்டு. ஒன்று படகுத்துறைப் படம். கடன் வாங்கிய கேமராவில் ஒரு பையன் எடுத்தது. துறையில் சீட்டுக் கிழிக்கும் ஒருவன், நின்றுபோன படகுக்காகக் காத்திருக்கிறான். அவ்வளவுதான் கதை. மற்றது மேலங்கி போட்டுக்கொண்டு ஒருவன் வானத்தில் பறக்கும் படம். கப்பலைத் தூக்குகிறான், பாலத்தைத் தாங்குகிறான், பெண்டாட்டி செத்துப்போகிறாள், கடைசியில் அவளும் உயிரோடு வந்துவிடுகிறாள். ஊரில் பஸ்ஸுக்கு பஸ் அவன் படம். நூறு நாள் தாண்டி இன்னும் ஓடுகிறது. கூட்டம் கிடைத்துவிட்டது, பணம் கிடைத்துவிட்டது, இனி எங்கள் பரிசும் வேண்டுமா அவனுக்கு?

இதைத்தான் டாக்டரிடம் கேட்டேன். "பரிசுன்னா நிவாரண நிதியா மீட்டர்காரரே? நல்ல படம்னா நல்ல படம். ஏழைக்குத்தான் குடுக்கணும்னா அதுக்கு வேற பேர் வைங்க" என்றார்.

முப்பது வருஷமாக என்னோடு சண்டை போடுகிற ஒரே ஆள். அவர் மனைவி போன வருஷம் இறந்ததிலிருந்து என்னைவிட அதிகம் படம் பார்க்கிறார். ரசனை கெட்டுப்போனது அதனால்தானோ என்னவோ.

தண்ணீர் மீட்டர் பழுது பார்க்கும் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன் நான். எட்டாவதோடு படிப்பு நின்றது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் படித்து சினிமா கற்றேன். கல்லூரியில் சினிமா சொல்லிக்கொடுக்கிற ஒருவர் என்னை மேடையில் "ஆர்வலர்" என்று அறிமுகப்படுத்தினார். ஆர்வலர்! அன்றைக்கு அந்தக் கூட்டத்திலேயே நான் ஒருவன்தான் அவர் பேசிய படத்தைப் பார்த்திருந்தேன். அதனால்தான் சங்க விதியில் முதல் வரியாக எழுதிவைத்தேன்: படத்தை முழுதும் பார்க்காதவருக்கு ஓட்டு இல்லை.


ஜூன் 6, சனி

படகுத்துறைப் படம் திரையிட்டோம். மேஜை நாற்காலிக் கடைக்கு மேலே எங்கள் கூடம். மின்விசிறி ஒன்று வேலை செய்யவில்லை. புழுக்கம். கீழே வார்னிஷ் அடிக்கிறார்கள், அந்த வாசனை வேறு.

நல்ல படம். நிதானமான படம். நடுவில் கொஞ்சம் கண் அசந்தது. கொஞ்சம்தான். விழித்தபோது துறையில் அதே ஆள், அதே பெஞ்சு, அதனால் எதுவும் தவறிப்போனதாகத் தெரியவில்லை. கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. நான் கண்ணாடியைப் பையில் வைப்பதில்லையே — எப்போது கழற்றினேன்?

பிறகு நடந்த பேச்சில் படத்தின் மௌனம் பற்றி நிறையப் பேசினேன். பக்கத்தில் டாக்டர். வழக்கமாக இரண்டு இடத்திலாவது குறுக்கே விழுவார். இன்றைக்கு ஒரு வார்த்தை இல்லை.


ஜூன் 9, செவ்வாய்

யாரும் கூப்பிடவில்லை. நானும் யாரையும் கூப்பிடவில்லை. பறக்கிற படத்துக்கு எதிரான குறிப்புகளை நல்ல தாளில் எழுதி முடித்தேன்.


ஜூன் 13, சனி

ஜெயித்தேன்.

கூட்டத்தில் முதலில் சுருட்டை பேசினான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் அவன்தான் தலைவன். தலைமுடியால் வந்த பெயர். கோடிப் பேர் கைதட்டுகிற படத்தைப் பார்த்து முகம் சுளிப்பதையே வேலையாக வைத்திருப்பவர்களுக்கு சங்கம் எதற்கு, ஆளுக்கொரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிடலாமே என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என்னைத்தான் சொல்கிறான்.

நான் எழுந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்த ஆள் கப்பலைத் தூக்குகிறான், கப்பலுக்கு எடை இல்லை. நகரமே இடிகிறது, ஒருவன் மேலும் தூசி இல்லை. எல்லாவற்றையும் விட, செத்தவள் திரும்பி வருகிறாள். சாவுக்கே மரியாதை தராத படம் வேறு எதற்குத் தரும்? பேச்சு சூடு பிடித்துவிட்டது. கை தூக்கும் நேரம் வந்தபோது, "செத்தவங்க வீட்டுக்குத் திரும்பி வருவாங்கன்னு நம்பறவங்க இந்தப் படத்துக்குக் கை தூக்குங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் கைதான் முதலில் எழுந்தது.

எண்ணினோம். சரிபாதி. செயலாளரான எனக்கு ஓட்டு இல்லை, சமமாக வந்தால் மட்டும் உண்டு. நான் படகுத்துறைக்குப் போட்டேன். அந்தப் பையனுக்கு அங்கேயே போன் செய்து சொன்னேன்.

டாக்டரோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து போவது வழக்கம். திரும்பிப் பார்த்தபோது அவர் இல்லை.


ஜூன் 14, ஞாயிறு

அக்காவின் ஞாயிற்றுக்கிழமை போன். சாப்பாடு, முழங்கால், மருந்து எல்லாம் ஆனபின் நேற்று ஜெயித்த கதையைச் சொன்னேன். அந்தக் கடைசி வாக்கியத்தையும் சொன்னேன், எப்படி அடித்தேன் பார் என்று.

லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"அந்த டாக்டர் சம்சாரம் போன வருஷந்தானேடா போனாங்க" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அவரும் அங்க இருந்தாரா?"

இருந்தார் என்றேன். வைத்துவிட்டாள்.

எனக்குத் தெரியாதா? சுடுகாட்டில் அவர் பக்கத்தில் நின்றவனே நான்தானே. தெரிந்தே எப்படி வாயில் வந்தது? அவரைச் சொல்லவில்லையே, படத்தைத்தான் சொன்னேன் — யாரிடம் போய் இப்படிச் சொல்வது? கல்யாணமே வேண்டாம், படமே போதும் என்று இருந்துவிட்டவனுக்கு இது தெரியாது என்பார்கள். என்னடா பேச்சு இது. அவர் கை தூக்கினாரே.


ஜூன் 15, திங்கள்

மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.


ஜூன் 18, வியாழன்

டாக்டரின் கிளினிக்குக்கே போனேன். கடைவாய்ப் பல் ஒன்று ரொம்ப நாளாகத் தொந்தரவுதான், பொய்க் காரணம் இல்லை. கன்னம் வீங்கிய ஒரு பெண்ணுக்கும் பள்ளிச் சீருடையில் ஒரு பையனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்பு என்கிற வார்த்தை எனக்கு வாயில் வராது. வேறு வார்த்தைகளில் எப்படிச் சொல்வது என்று யோசித்துவைத்திருந்தேன்.

என் முறை வந்தது. நாற்காலியைக் காட்டினார். சாய்த்தார். நான் ஆரம்பிப்பதற்குள் "வாயத் திறங்க" என்றார். இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயைக் கொக்கி மாதிரி மாட்டினார். அப்புறம் வேலை செய்துகொண்டே பேச ஆரம்பித்தார்.

"கோபம் இல்லன்னு சொல்ல மாட்டேன். கோபந்தான்."

நான் ஏதோ சொன்னேன். எனக்கே புரியவில்லை.

"பேசாதீங்க, குத்திடும். அந்தப் படத்துல அவ செத்த அன்னிக்கு அவன் வீட்டுக்கு வர்றான் பாருங்க, வாசல்ல அவ செருப்பு கெடக்குது. கப்பலையே தூக்கறவன் மீட்டர்காரரே. அந்தச் செருப்ப எடுத்து உள்ள வைக்க முடியல அவனால. சுத்திக்கிட்டு வேற வழியாப் போறான். அந்த இடத்துக்காக நாலு தடவை போனேன். உங்க படகுத்துறைக்காரனால அதக் காட்ட முடியாது. அவன் சாதாரண ஆளு, அவனால முடியலன்னா அது யாருக்குத் தெரியும்?"

செருப்பா? எனக்கு அப்படி ஒரு காட்சி நினைவே இல்லை. கப்பலுக்கு எடை இல்லை என்று இருட்டில் எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

"அவ திரும்பி வர்றத நம்பறவங்க கை தூக்குங்கன்னீங்க. அவ எப்படித் திரும்பி வர்றான்னே எனக்குத் தெரியாது. அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்த நான் பாத்ததே இல்ல. நாலு தடவையும் அதுக்கு முன்னாடியே எழுந்து வந்துட்டேன். பாக்கற தெம்பு இல்ல."

விளக்கைத் தள்ளிவிட்டுப் பல்லைத் தட்டிப் பார்த்தார்.

"அன்னிக்குக் கண்ணாடி மடியிலேர்ந்து கீழ விழப் போச்சு. நான்தான் எடுத்து உங்க பையில வெச்சேன். நல்ல தூக்கம். இருபது நிமிஷமாவது இருக்கும். சரி, கொப்புளிச்சுத் துப்புங்க."

துப்பினேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

முப்பது வருஷத்தில் இன்றைக்குத்தான் அவர் பேச்சை முழுதும் கேட்டிருக்கிறேன்.


ஜூன் 19, வெள்ளி

இடது கன்னம் மரத்துப்போனது போல இருக்கிறது. யோசிக்கிறேன்.

நான் படகுத்துறைப் படத்தை முழுதும் பார்க்கவில்லை. ஆகவே என் ஓட்டு செல்லாது. இது டாக்டருக்கு அன்றைக்கே தெரியும். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் அங்கேயே நாறியிருப்பேன். அப்படிப்பட்ட பேச்சைப் பேசிவிட்டு நின்றவனுக்கு எதிராகக்கூட அதை எடுக்கவில்லை.

சரி. ஆனால் அவரும் பறக்கிற படத்தை முழுதும் பார்க்கவில்லை. அவர் ஓட்டும் செல்லாது. அதைக் கழித்தால் சமமே இல்லை, படகுத்துறை ஓர் ஓட்டில் ஜெயிக்கிறது. என் ஓட்டே தேவையில்லை. நான் எழுதிய விதி, நான் சொன்ன முடிவு, எல்லாம் கறாராக, நேராக. அவர் தன் வாயாலேயே சொன்னது. அந்த நாற்காலியில் என்னைப் படுக்கவைத்துவிட்டு, அவர் வாயாலேயே.

சொல்லலாம். சொன்னால் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஏன் பாதியில் எழுந்தீர்கள் டாக்டர் என்று கூட்டத்தில் சுருட்டை கேட்பான். அவர் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். எல்லோர் முன்னாலும்.

அந்தப் படத்துக்குத் தகுதி இல்லை. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.


ஜூன் 20, சனி

அவசரக் கூட்டம். டாக்டரும் வந்திருந்தார், கடைசி வரிசையில்.

எழுந்து சொன்னேன். படகுத்துறைப் படத்தின்போது நான் தூங்கிவிட்டேன், என் ஓட்டை ரத்து செய்கிறேன், செயலாளர் ஓட்டு செல்லாதபோது, கை தூக்குவதில் சேராத பொருளாளர் போட வேண்டும் என்பது விதி. சுருட்டைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சார், அந்த மௌனத்தப் பத்தி அவ்ளோ பேசினீங்களே, அது உங்க மௌனமா?" என்றான். சிரிக்கட்டும்.

அப்போது டாக்டர் எழுந்தார். "ஒரு நிமிஷம், நானும் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

"உக்காருங்க டாக்டர்" என்றேன்.

"இல்ல, விதின்னா —"

"விதி எனக்குத் தெரியும். நான் எழுதினது. உக்காருங்க."

சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு உட்கார்ந்தார். மற்றவர்கள் பழைய சண்டை தொடர்கிறது என்று நினைத்திருப்பார்கள். உடனே பொருளாளரைக் கேட்டேன். தையல்கடை நடத்துகிற அம்மா, அளந்துதான் பேசுவார். பேரன்களோடு பார்த்தாராம், அந்த மேலங்கியைத் தைத்தவன் கெட்டிக்காரன் என்றார். ஓட்டு பறக்கிற படத்துக்கு.

மேலங்கிக்காக! முடிவை நானே வாசித்தேன். படக் கம்பெனிக்கு நானே எழுதினேன். பதில் வராது, எங்களை அவர்களுக்குத் தெரியவே தெரியாது. என் கருத்து மாறவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.


ஜூன் 21, ஞாயிறு

படகுத்துறைப் பையனுக்குப் போன் செய்தேன். பரிசு இல்லை என்று சொல்வதற்கு. நடந்ததை அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டு, "எந்த இடத்துல சார் தூங்கினீங்க?" என்றான். படகு வராமல் அவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற இடம் என்றேன். "படமே அதுதான் சார்" என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

அக்கா இன்று கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். "சாப்பிட்டியா?" என்றாள்.


ஜூன் 26, வெள்ளி

டாக்டர் போன். "ஓட்டுப் போட்டுட்டேன், அப்ப முழுசாப் பாத்துத்தானே ஆகணும். நாளைக்கு மதியம் காட்சி. தனியா முடியாது. வர்றீங்களா?"

அந்தப் படத்துக்கு இன்னொரு தடவை காசு கொடுக்க மாட்டேன் என்றேன். டிக்கெட் எடுத்தாயிற்றாம்.


ஜூன் 27, சனி

தியேட்டரில் இருபது பேர்கூட இல்லை. நடுவரிசை. அவர் ஓர இருக்கையை எடுக்கவில்லை, உள்ளே போய் உட்கார்ந்தார்.

செருப்புக் காட்சி வந்தது. வாசல், செருப்பு, அந்த ஆள் நிற்கிறான். சின்னக் காட்சிதான், இசை கூட இல்லை. எழுத என் கையில் எதுவும் இல்லை. நன்றாகத்தான் எடுத்திருக்கிறான்.

கடைசிப் பத்து நிமிஷம் ஆரம்பித்தது. டாக்டர் எழுந்திருக்கவில்லை. அவர் பக்கம் திரும்பவே கூடாது என்று திரையையே பார்த்தேன். கதவு திறக்கிறது. அவள் வருகிறாள். எல்லா வாத்தியமும் ஒன்றாக அலறுகிறது. அவன் அவளைத் தூக்கிக்கொண்டு பறக்கிறான். முன்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். பக்கத்தில் ஓர் அசைவும் இல்லை.

பெயர்கள் ஓடி முடிந்து, பெருக்குகிறவர் துடைப்பத்தோடு வந்து நின்றபிறகுதான் எழுந்தோம். பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். நல்ல வெயில். பாதி வழியில்தான் பேசினார்.

"நீங்க சொன்னதுதான் சரி" என்றார். "அவ வந்திருக்கக் கூடாது. மொத்தத்தையும் கெடுத்துட்டான். இதுக்குப் போய்க் கை தூக்கினேன் பாருங்க."

சரி என்று இந்த மனுஷன் என்னிடம் சொல்ல முப்பது வருஷமாகக் காத்திருந்தேன். வெயிலில் அவர் முகம் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

"அவ்வளவு மோசமில்ல டாக்டர்" என்றேன்.

நம்பாமல் பார்த்தார். பஸ் வரும்வரை அதற்குக் காரணங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன்.