நீல மணி கட்டிய ஜன்னல்

பிளோவ்திவ்,
புதன் இரவு

அன்புள்ள ராடோஸ்தீனா அக்காவுக்கு,

இவயிலா எழுதுகிறேன். வலென்சியாவில் ஆரஞ்சுக் கிடங்கு வேலை இன்னும் இருக்கிறதா? உன் மணிக்கட்டு வீக்கம் வடிந்ததா? இதைப் போனில் சொல்ல முடியாது. எனக்கும் அம்மாவுக்கும் ஒரே போன்தான். வெள்ளிக்கிழமை ஸ்பெயினுக்குப் போகும் பஸ்ஸில் அம்மா உனக்குக் குடைமிளகாய்த் தொக்கு அனுப்புகிறாள். ஜாடியைச் சுற்றும் துண்டுக்குள் இதை வைத்துவிடுவேன். குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், கோணலாக இருந்தால் திட்டாதே.

மார்ச் தொடக்கத்தில் எதிர் பிளாக் மொட்டை மாடியில் ஒரு பாட்டுக்கு வீடியோ எடுத்தார்கள். பாடுகிறவன் தொலைநோக்கி வைத்து ஜன்னல் ஜன்னலாகப் பெண்களைப் பார்க்கிறான், அவ்வளவுதான் கதை. அவர்கள் தலை துவட்டுகிறார்கள், ஆடுகிறார்கள், அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நடுவில் ஒருத்தி மட்டும் உள்பாவாடையோடு முதுகு காட்டி நின்று சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். வகுப்பில் க்ராசிமிர் அந்த இடத்தில் நிறுத்தி, "மத்தவளுங்கல்லாம் நடிக்கிறாளுங்க, இவதான்டா நெஜம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அக்கா. அப்புறம்தான் ஜன்னல் பிடியைப் பார்த்தேன். மார்ச் முதல் தேதி கட்டச் சொல்லி நீ அனுப்பிய சிவப்பு வெள்ளைக் கயிறு. நுனியில் உன் நீல மணி. அது நம் ஜன்னல், அக்கா.

அம்மா சிரிக்காததால்தான் கேமரா அவளிடம் அவ்வளவு நேரம் நிற்கிறது என்று நினைக்கிறேன். பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அதுதான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது.

மூன்றாம் மாடி ஸ்தானிமிரா அத்தை லிஃப்டில், "உங்கம்மாவுக்கு எவ்ளோ குடுத்தாங்களாம்? எங்கிட்டயும் நல்ல உள்பாவாடை இருக்குன்னு சொல்லு" என்றாள். நான் படிக்கட்டில் இறங்கி ஓடிவிட்டேன்.

அப்பா லாரி ஓட்டம் முடித்து ஈஸ்டருக்கு வருகிறார். வழியில் லாரிக்காரர்கள் சாப்பிடும் கடைகளில் டிவியில் நாள் முழுவதும் இந்தப் பாட்டுதான். கயிற்றின் படத்தை அவருக்கு அனுப்பியதே நான்தான். அந்த மணியை அவருக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்தார்கள் என்றால் நம்புவாரா? போன தடவை தபால்காரர் அம்மாவைப் பார்த்துச் சிரித்ததற்கே என்ன ஆயிற்று? சமையலறைக் கதவுக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை.

நேற்று கயிற்றை அவிழ்த்து என் பள்ளிப் பைக்குள் ஒளித்தேன். நாரை கண்ணில் படும்முன் அவிழ்க்கக் கூடாது என்று தெரியும். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாலையில் அம்மா ஜன்னலைப் பார்த்தாள். நேராக என் பையைத் திறந்து எடுத்து, அதே பிடியில் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினாள். "நாரை இன்னும் வரலடி. அதுவரைக்கும் இது இங்கதான் இருக்கும். நம்ம ஜன்னல்தானே" என்றாள். பிறகு திரையை இழுத்து மூடி, நடுவில் துணி கிளிப் மாட்டிவிட்டு, அப்பாவின் ஈஸ்டர் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

அவளுக்குத் தெரியுமா, அக்கா? கேட்க எனக்குத் தைரியமில்லை.

அங்கே நாரையைப் பார்த்தால் எங்களுக்காகவும் வேண்டிக்கொள். அப்பாவுக்கு ஒரு நாளாவது முன்னால் வந்துவிடு. வரும்போது உன் பழைய சாவியை மறக்காதே. அவருக்குப் பிறகு வந்தாயானால், நீ மணி அடிக்கும்போது எங்களால் வந்து கதவைத் திறக்க முடியாமல் போகலாம்.

கடவுள் உன் வழிக்குத் துணையிருக்கட்டும்.

உன் தங்கை,
இவயிலா