முடிச்சுப் போட்ட எலாஸ்டிக்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் ஒன்றாம் வகுப்பும் சௌக்கியம், என் தொண்டை மட்டும் சௌக்கியமில்லை. போனில் பேசினால் தவளை என்று சிரிப்பாய், அதனால்தான் கடிதம்.

பிள்ளைகளுக்கு எழுத்தெல்லாம் தெரிகிறது. ஆனால் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே அளவு மூச்சுதான் விடுகிறார்கள். ‘பல்’ என்று எழுதினாலும் ‘பால்’ என்று எழுதினாலும் ஒரே வெட்டு. "நெடில்னா நீட்டணும்"னு சொன்னேன். முதல் பெஞ்சில் ஒரு பொடிசு, சுண்டெலி என்று கூப்பிடுவோம், "எதை டீச்சர்?" என்று கேட்டுவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினாள். நான் எதைச் சொல்லி அழ?

எங்கள் தலைமையாசிரியை, அதாவது பெரிய டீச்சர், கறாராகச் சொல்லிவிட்டார்: "செப்டம்பர்ல கல்வி அதிகாரி வருவார். உங்க வகுப்பு வாசிச்சா வேலை நிரந்தரம். இல்லேன்னா நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

உன் தையல் கடையில் எனக்காக வாங்கிப் போட்டிருக்கும் இரண்டாவது மெஷின் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனாலும் எனக்கு இந்த வேலைதான் வேண்டும், அக்கா. ஒன்று கேட்பேன், சிரிக்கக் கூடாது. தைப்பதற்கு முன் எலாஸ்டிக்கை இழுத்து இழுத்துப் பார்ப்பாயே, அதில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் இருந்தால் அனுப்பு.

உன் தவளைத் தங்கச்சி

ஜூன் 17

என் அருமைத் தவளைக்கு,

சிரிக்கக் கூடாது என்று எழுதினால் சிரிக்காமல் இருக்க முடியுமா? படித்துப் பட்டம் வாங்கினவள் கடைசியில் என் குப்பைக்கூடைக்குத்தான் வந்து நிற்கிறாய்!

பார்சலில் துண்டுகள் வைத்திருக்கிறேன். தொய்ந்து போனவற்றை எடுத்து எறிந்துவிட்டேன். இழுத்தால் மறுபடி சுருங்கி வர வேண்டும், வராவிட்டால் அது வெறும் நாடா. இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டிருக்கிறேன். முடிச்சு அவிழ்ந்திருந்தால் கையிலிருந்து வழுக்கி மூஞ்சியில் அடிக்கும். அதனால் இழுக்கும் முன் முடிச்சைப் பார்க்கச் சொல்லிக் கொடு. கண் பத்திரம்.

மெஷினுக்கு எண்ணெய் போட்டு உறை மாட்டி வைத்திருக்கிறேன். செப்டம்பர் வரைதான் பொறுப்பேன். உன் அத்தான் உதவி செய்கிறேன் என்று கடைக்கு வந்தால் பொத்தான் டப்பாவைக் கவிழ்ப்பதோடு சரி. பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் நான் மெஷினோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா

ஆகஸ்ட் 28

அக்கா,

எல்லாம் கெட்டுப் போயிற்று.

எவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது தெரியுமா? ‘முடிச்சு’ என்று சொன்னால் போதும், எல்லாரும் முதலில் இடது கை முடிச்சைப் பார்ப்பார்கள், பிறகு வலது கை முடிச்சை. குறில் வந்தால் இரண்டு கையும் ஒட்டியே இருக்கும். நெடில் வந்தால் இழுப்பார்கள், இழுத்த மட்டும் குரலும் நீளும். சுண்டெலி மட்டும் மூச்சு முட்டும்வரை விடவே மாட்டாள். போன வாரம் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க வாசித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேற்று பெரிய டீச்சர் கதவைத் திறந்த நேரம் பார்த்து ஒரு எலாஸ்டிக் பறந்து அவர் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. "இது பள்ளிக்கூடமா, கவண் விடுற இடமா?" எல்லாவற்றையும் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். இன்று வகுப்பில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு பழையபடி ஒரே வெட்டாக வாசிக்கிறார்கள். அதிகாரி அடுத்த வாரம் வருகிறார்.

மெஷின் உறையைக் கழற்றி வை. வந்துவிடுகிறேன்.

தங்கச்சி

செப்டம்பர் 1

அசடே,

உறையைக் கழற்ற மாட்டேன். மெஷின் எங்கேயும் ஓடிப் போகாது. நீ தோற்றுப் போய் வந்து என் பக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்காருவதற்காகவா அதை வாங்கினேன்? அந்த அதிகாரி வந்து போகட்டும், அதுவரை வகுப்பை விட்டு அசையாதே. உன் பெரிய டீச்சர் என்றாவது என்னிடம் துணி தைக்கக் கொடுக்கட்டும், அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

செப்டம்பர் 8

என் தங்க அக்காவுக்கு,

உட்கார்ந்து படி. கையில் கத்தரிக்கோல் இருந்தால் கீழே வை.

அதிகாரி வந்தார். பலகையில் ‘கூடை’ என்று எழுதிவிட்டு, "யாரு வாசிக்கிறீங்க?" என்றார். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு பலகையையே பார்த்தார்கள். பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மனதுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது சுண்டெலி எழுந்தாள். இரண்டு கையையும் பொத்தினாள். இடது கையைப் பார்த்தாள், வலது கையைப் பார்த்தாள். ஒன்றுமே இல்லாத கையில் முடிச்சு இருக்கிறதா என்று பார்க்கிறாள் அக்கா! பிறகு நெஞ்சுக்கு முன்னால் வைத்து இழுத்தாள், "கூ...டை!" உடனே வகுப்பு முழுக்கக் கையைப் பொத்தியது. எல்லாத் தலையும் இடது பக்கம், எல்லாத் தலையும் வலது பக்கம். அவர் எழுத எழுத வாசிக்கிறார்கள், ஒன்றுகூடத் தப்பவில்லை.

"கையைக் கட்டுங்க!" என்றார் பெரிய டீச்சர்.

"இருக்கட்டும் மேடம்," என்ற அதிகாரி சுண்டெலியிடம் குனிந்தார். "கையில என்னம்மா வச்சிருக்கே?"

"எலாஸ்டிக் சார்."

"எங்கே? காணோமே?"

"பெரிய டீச்சர் பீரோவுல இருக்கு சார்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பீரோவைத் திறக்கச் சொல்லி, ஒன்றை எடுத்துத் தானும் இழுத்துப் பார்த்தார். "முடிச்சைப் பாருங்க சார்!" என்று வகுப்பே கத்தியது. அவரும் பார்த்தார்.

வேலை நிரந்தரம் அக்கா! மற்ற வகுப்புகளுக்கும் எலாஸ்டிக் வேண்டும் என்று பெரிய டீச்சரே என்னிடம் கேட்கிறார். உன் பக்கத்தில் வந்து உட்கார முடியவில்லையே என்பது மட்டும் ஒரு மூலையில் உறுத்துகிறது.

உன் டீச்சர் தங்கச்சி

செப்டம்பர் 15

டீச்சரம்மாவுக்கு,

கடிதத்தைக் கடையில் சத்தம் போட்டு வாசித்தேன். ‘கூடை’ வந்த இடத்தில் நானும் கையை இழுத்தேன். துணி வாங்க வந்தவள் பயந்து ஓரடி பின்னால் போனாள். அப்புறம் அழுதேன், அதையும் அவள் பார்த்தாள்.

பொய் சொல்ல மாட்டேன், நீ வருவாய் என்று ஆசையாக இருந்தது. இன்று காலை உறையைக் கழற்றிவிட்டேன். பக்கத்துத் தெருவில் தையல் படித்த ஒருத்தி வந்து உட்கார்ந்திருக்கிறாள். நன்றாகத் தைக்கிறாள், உன்னைவிட நூறு மடங்கு. வாயும் உன் வாய்தான், மூடுவதே இல்லை.

பார்சலில் இருப்பது துண்டு இல்லை, முழு உருளை. முடிச்சை இனி நீயே போட்டுக்கொள். நிரந்தர டீச்சருக்கு ஒரு புது உடை தைக்கத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். அளவு எடுத்து அனுப்பு. என்னிடம் இருக்கும் பழைய அளவு நீ கூன் போட்டு நின்றபோது எடுத்தது, இனி அது உனக்குப் பற்றாது.

உன் அக்கா