கேத்தல் சத்தம் கேட்கும் தூரத்தில்

இன்று எங்கள் அலுவலகத்துக்குப் புதுக் கேத்தல் வந்தது. பளபளவென்று அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் கொதித்ததும் ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் தானாக அணைந்துவிடுகிறது. மாத்தளையில் வீட்டிலிருந்தபடி எங்களோடு வேலை செய்யும் நஸ்ரினா, சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்த போனிலிருந்து கேட்டாள்: "என்னக்கா, இன்னைக்கி டீ இல்லையா? கேத்தல் சத்தமே வரல்லையே."

அவ்வளவுதான், நீ நினைவுக்கு வந்துவிட்டாய். உனக்கு ஒரு மடல் எழுத வேண்டுமென்று ஒரு வருடமாக நினைக்கிறேன். அப்போதெல்லாம் ஓடாத கை இன்று ஒரு கேத்தலுக்காக ஓடுகிறது. நீ இருந்தால், "வேற வேலையே இல்லையாடி ஒனக்கு?" என்றிருப்பாய்.

அந்தக் காலத்தில் நீயும் இன்னும் மூன்று பேருமாக நீங்கள் நால்வரும் கண்டியில், குட்ஷெட் பஸ் நிலையத்தைப் பார்த்த இந்த மாடி அலுவலகத்தில் இருந்தீர்கள். கைக்குழந்தைக்காரி என்பதால் நான் மட்டும் புசல்லாவையில், வீட்டு அலுமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். வெளிநாட்டுப் பயணிகளின் ஹோட்டல் பதிவுகளை மாற்றிக் கொடுக்கிற வேலை. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இறங்கி, தேயிலை மலை மறைந்து, பிறகு ரோட்டும் மறையும். அதற்குள்ளிருந்து பஸ் ஹோர்ன் மட்டும் கேட்கும். நான் யாருக்கு வேலை செய்கிறேன், அவர்களுக்கு என் முகம் ஞாபகமிருக்குமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே பயணிகளின் பெயர்களைத் தட்டிக்கொண்டிருப்பேன். மாதக் கூட்டத்தில் யாராவது, "கேக்குதா?" என்பார்கள். "கேக்குது" என்பேன். எனக்கும் அலுவலகத்துக்கும் இருந்த பேச்சு அவ்வளவுதான்.

அப்போதுதான் தீபாவளி வந்தது. பண்டிகை வாரத்துக்கு யார் வேலை என்பதைப் பத்து மணி டீயின்போது நீங்களே பேசி முடித்திருந்தீர்கள். நால்வரில் தீபாவளி கொண்டாடுகிறவர் ஒருவருமில்லை, நீ மாதா கோயில்காரி. அப்படியிருந்தும் தீபாவளியன்று காலையிலிருந்து மாலை வரை என் பெயர்தான். ஏனென்று கேட்டதற்கு ஒருவர் சாதாரணமாக, "நீங்க வீட்டுலதானே இருக்கீங்க" என்றார். அந்த வேலையில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது, தெரியும். தெரிந்தும் விலகல் கடிதம் எழுதினேன். இங்கிலீஷ் சரியா என்று பார்க்கச் சொல்லி உனக்குத்தானே அனுப்பினேன், நான் ஒரு பைத்தியக்காரி!

நீ உடனே கூப்பிட்டாய். எனக்குப் புத்தி சொல்லப்போகிறாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "நானும்தான்டி அந்த மேசையில இருந்தேன்" என்றாய். "டீயக் குடிச்சிக்கிட்டே தலையாட்டிட்டேன். ஒன்னய நெனப்பே வரல்ல. வெக்கமா இருக்குடி."

மறுநாள் சரியாகப் பத்து மணிக்கு என் போன் அடித்தது. எடுத்தால் யாரும் பேசவில்லை. தூரத்தில் இரைச்சல், கண்டக்டர் கத்துகிற சத்தம், பிறகு ஏதோ ஒன்று மெதுவாக இரையத் தொடங்கி, மூடி தடதடத்து, "டக்" என்று நின்றது. "இதுதான்டி நம்ம கேத்தல்" என்று உன் குரல் வந்தது. "இனிமே ஒனக்கு லைன் எடுக்காம இங்க யாரும் டீ ஊத்தக்கூடாதுன்னு சொல்லிட்டேன். நீயும் போய் ஒரு பிளேன்டீ ஊத்திக்கிட்டு வா." அந்தத் தீபாவளியன்று என் வேலையையும் நீதான் பார்த்தாய். விலகல் கடிதத்தில் மூன்று பிழை இருக்கிறது, திருத்தித் தர நேரமில்லை என்று கடைசிவரை இழுத்தடித்தாய்.

நான் முறுக்குச் சுட்டு, டின்னில் போட்டு, புசல்லாவையில் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டேன். நீ குட்ஷெட்டுக்கு இறங்கி ஓடிப்போய் வாங்கினாய். பத்து மணிக்கு எல்லோருமாக அதைக் கடித்த சத்தம் என் காதில் நொறுநொறுவென்று விழுந்தது. "மைக்க கிட்ட வச்சிக் கடிங்க, அவளுக்குக் கேக்கட்டும்!" என்று நீ மற்றவர்களை விரட்டினாய். நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த காலைகளை நினைத்தால் இன்றும் பாதி உறக்கத்தில் இருப்பதுபோல் இருக்கிறது. என் ஜன்னலில் பனி, காதில் கண்டி மழை. உங்கள் தகரக் கூரையில் விழுகிற மழையைக் கேட்டு, புசல்லாவையில் காய்கிற துணியை எடுத்துவிடுவேன். எந்த ஊரில் இருக்கிறேன் என்று சில நிமிடம் எனக்கே தெரியாது. தெரியாமல் இருப்பது நன்றாகத்தான் இருந்தது.

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயதில் நான் கண்டிக்கு வந்தேன். நான் வந்த கொஞ்ச நாளில் நீ நோயோடு ஹுன்னஸ்கிரியவுக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போனாய். அங்கிருந்தே வேலையைத் தொடர்ந்தாய். உன் கதிரையில் நான், என் போனில் நீ. ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் கூப்பிட்டேன். டிசம்பர் வந்தது. பயணிகள் கூட்டம் தலைக்கு மேல். நின்றபடியே டீயை ஊற்றிக்கொண்டு ஓடினோம். அந்த ஓட்டத்தில்தான், உன் வேலையில் பாதியை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். "ஆமா, பாவம், வீட்டுலதானே இருக்கா, ரெஸ்ட் எடுக்கட்டும்." இதைச் சொன்னது யார் தெரியுமா? நான்தான்.

உன்னைக் கூப்பிட மறந்த நான்காம் நாள் உன்னிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "டீ குடிச்சிட்டீங்களா?"

"குடிச்சாச்சு" என்று அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். நீ திரும்ப ஒன்றும் எழுதவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

சனிக்கிழமை ஹுன்னஸ்கிரியவுக்கு வந்தேன். நீ குல்லாயும் ஸ்வெட்டருமாக, ரொம்ப மெலிந்துபோய் இருந்தாய். உன் அம்மாதான் சொன்னார்: "பத்து மணிக்கு டீய ஊத்திக்கிட்டு ஒக்காந்துருவா. ஆறிப்போயிரும். வேற ஊத்தித் தரவான்னு கேட்டா, இருங்க, இப்பக் கூப்புடுவாளுகன்னு சொல்லுவா." உன் மடியில் முகத்தை வைத்து அழுதேன். நீ என் தலையில் ஒரு குட்டுக் குட்டினாய். "வேலைய வேணுமுன்னா எடுத்துக்கிட்டுப் போங்கடி. டீ மேசையில இருந்து என்னய எழுப்பாதீங்க."

திங்கட்கிழமையிலிருந்து ஒருநாள்கூடத் தவறவில்லை. கடைசி நாட்களில் உனக்குப் பேச மூச்சு வரவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாய். நாங்கள் பஸ்ஸைத் திட்டுவதையும் கேத்தலைத் திட்டுவதையும் உனக்குக் கேட்கும்படி உரக்கச் செய்தோம்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அடுத்த திங்கட்கிழமை, பத்து மணிக்கு என் கை பழக்கத்தில் உன் இலக்கத்தை அழுத்திவிட்டது. அழுத்திய பிறகுதான் புரிந்தது. உன் அம்மா எடுத்தார். "மன்னிச்சிருங்கம்மா, தெரியாம..." என்றேன். "லைன வெட்டிறாதம்மா" என்றார். "அவ கேட்டுக்கிட்டு இருந்த சத்தம்தானே. நானும் கொஞ்சம் கேக்குறேன்." போனைக் கேத்தலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். கேத்தல் இரைந்தது, நின்றது.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அவரையும் சேர்த்துக்கொள்கிறோம். மாத்தளையில் நஸ்ரினா, ஹுன்னஸ்கிரியவில் உன் அம்மா. மேலாளர் ஒருநாள், "இவங்க எந்த டீம்?" என்று கேட்டார். "எங்க டீம்தான்" என்றேன்.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தப் பழக்கம் ஒன்றுதான். முதலில் லைன், பிறகுதான் தண்ணீர்.

இன்றும் வெள்ளிக்கிழமை. நஸ்ரினா அப்படிக் கேட்டதும் அலுமாரிக்குமேல் தூக்கிப் போட்டிருந்த பழைய கேத்தலை இறக்கினேன். கழன்று விழும் மூடிக்கு ஒரு நூலைக் கட்டி சுவிட்சைப் போட்டேன். இரையத் தொடங்கியது. "ஆ, இப்ப வருது" என்றாள் நஸ்ரினா. அதற்குள் ஹுன்னஸ்கிரியவிலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டே உன் அம்மாவின் குரல்.

"அடுப்படியில இருந்துட்டேன்மா. டீ குடிச்சிட்டீங்களா?"

"இல்லம்மா" என்றேன். "ஒங்களுக்காகத்தான் நிக்கிறோம்."