கிணற்றடிக் கொய்யா

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
9-11-1961

அன்பு அஞ்சலாட்சிக்கு,

நான் சுகம். நீயும் வயிற்றில் இருக்கும் நம் பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும். கால் வீக்கம் வடிந்ததா? என் சமையலைத் தின்று நானே இளைத்துவிட்டேன். ரசம் வைத்தால் குழம்பாகிறது. குழம்பைப் பற்றிக் கேட்காதே.

நான் ஆய்வுக்கூடத்தில் ஈ ஓட்டுவதாகச் சொல்லி பாகூரில் உன் அத்தை சிரித்தாராமே. ஓட்டவில்லை, வளர்க்கிறேன் என்று சொல். கடைப் பழத்தில் பூச்சிமருந்து தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. பழத்தின் சாற்றை எடுத்து, போத்தலின் உள்ளே பூசிக் காயவைத்து ஈக்களை விடுவோம். மருந்து இருந்தால் காலையில் மல்லாந்து கிடக்கும்.

இந்த வாரம் சந்தைத் திராட்சை வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே படாத பழம் வேண்டும். பாகூர் வீட்டுக் கிணற்றடி மரத்தில் பறித்து உன் அப்பா கொடுத்த கொய்யாவைவிடச் சுத்தமானது ஏது என்று பெருமையோடு எடுத்துப்போனேன். திராட்சைப் போத்தலில் பாதி ஈக்கள் பிழைத்தன. கொய்யாப் போத்தலில் ஒன்றும் மிஞ்சவில்லை. போத்தலைச் சரியாகக் கழுவவில்லை என்று எங்கள் அதிகாரி பஞ்சநாதன் கடிந்துகொண்டார். கழுவி மறுபடி செய்தேன். அதே கதைதான்.

நேற்று உன் அப்பா இன்னொரு கூடையோடு வந்தார். மரத்துக்கு ஏதாவது போடுகிறீர்களா என்று கேட்டேன். "மலேரியாக்காரங்க கொசுவுக்குன்னு செவுத்துக்கு அடிக்கிற டி.டி.டி. பொடிதான் மாப்ள. மத்த மரத்துக்கெல்லாம் கெடையாது. கெணத்தடி மரத்துக்கு மட்டும் வாராவாரம் தூவுறேன். எம் பொண்ணு திங்கற பழத்துல ஒரு புழு இருக்கக்கூடாது பாருங்க" என்று சிரித்தார். காபி கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

பெரியவர்களுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவு உண்டாம். வயிற்றுப் பிள்ளைக்கு எவ்வளவு என்று பஞ்சநாதனிடம் கேட்டேன். அதை இன்னும் யாரும் கண்டு சொல்லவில்லை என்றார். இரவு முழுக்க அதே நினைப்பு.

அதனால் அந்த மரத்துப் பழத்தை இனித் தொடாதே. கழுவினாலும் முழுதும் போகாது. பயந்துவிடாதே, நான் பயந்தது இருவருக்கும் போதும். தபாலை நம்பாமல் பாகூர் பஸ் கண்டக்டர் அம்மாவாசை கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவிடம் நீ சொல்லவேண்டாம். நான் சொன்னால் கோபப்படுவார், நீ சொன்னால் உடைந்துபோவார். கோபத்தை நான் வாங்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதுவரை, பழம் தின்ன ஆசையாக இருந்தால் வேலியோரத்து மரத்தில் பறித்துக்கொள். புழு நெளிகிற பழமாகவே பார்த்து எடு. புழுவை ஒதுக்கிவிட்டுத் தின்று, நீங்கள் இருவரும் நன்றாக இருங்கள்.

உன்
சக்கரபாணி