மூன்றாம் குழிக்குப் போன குறுஞ்செய்திகள்

நாள் 412 | காலை 9.10 | மருத்துவ அறை

வழக்கமான பதிவு. எழுதுபவர் மருத்துவர் ஜெபக்கனி, செம்மேடு குடியிருப்பு, செவ்வாய்க் கோள்.

குளிர்பெட்டி சரியாக ஓடுகிறது. தட்டம்மைத் தடுப்பூசி, பனிக்கட்டி வெட்டும் குழிகள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. குழிக்கு ஒரு செவிலியர் இருக்கிறார். சிக்கல் குப்பியில்தான். ஒரு குப்பி பத்துப் பிள்ளைகளுக்கு. கரைத்த மருந்தை ஆறு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சம் குப்பைக்கு. ஆகவே பிள்ளைகள் ஒரே வேளையில் வந்தாக வேண்டும்.

பெற்றோரின் கைப்பட்டைகளுக்கு அனுப்பிய செய்தி: "தடுப்பூசி அட்டவணைப்படி தங்கள் குழந்தையை அழைத்து வரவும். மருத்துவப் பிரிவு."

மூன்றாம் குழியின் பத்துப் பிள்ளைகளில் வந்தது இரண்டே பேர். செவிலியர் முபீனா குப்பியைத் திறக்காமல் திருப்பி வைத்துவிட்டாள். அவளிடம் இருப்பது அந்த ஒரு குப்பிதான்.

நாள் 414 | காலை 11.30 | மருத்துவ அறை

புதிய கப்பலில் வந்த பொறியாளருக்குத் தட்டம்மை. சோதனையில் உறுதி. நேற்று மூன்றாம் குழியில், குழந்தைகள் காப்பகத்தை ஒட்டிய காற்றுக் குழாயைப் பழுது பார்த்திருக்கிறார்.

கிருமி பட்டு மூன்று நாளுக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு. புழுதிப் புயல் தொடங்கிவிட்டது. குழி வரை வண்டி போகாது, குரல் அழைப்பும் போகாது. குறுஞ்செய்தி மட்டும் போகிறது.

ஏன் யாரும் வரவில்லை என்று முபீனாவைக் கேட்டேன்.

"எல்லாரும் ஷிஃப்ட்ல இருந்தாங்க அக்கா. ஆபீஸ் அறிவிப்புன்னு நெனச்சு பார்க்காமலே தள்ளிட்டாங்க."

அந்தச் செய்தியை இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். நானாக இருந்தாலும் தள்ளியிருப்பேன்.

நாள் 414 | மதியம் 1.05

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன்.

"பவானி, உன் மகள் இன்பாவுக்கு நாளை காலை பத்து மணிக்கு ஊசி. காப்பகத்தில் முபீனா இருப்பாள். தட்டம்மை உங்கள் குழிக்குள் வந்துவிட்டது. வருகிறாயா? ஜெபக்கனி."

பவானி: "வரேன் டாக்டர். ஷிஃப்ட் விடலன்னாலும் வரேன்."

மாசானம்: "போன ஊசிக்கே ரெண்டு நாள் காய்ச்சல். எம்புள்ளைக்கு வேண்டாம்."

நான்: "இந்த ஊசிக்கும் காய்ச்சல் வரலாம். போய்விடும். தட்டம்மையில் மூச்சுக்குத் தவித்த பிள்ளைகளை நான் தூக்கி வைத்திருக்கிறேன், மாசானம். என் மேல் கோபம் என்றால் என்னைத் திட்டு. வேலனைக் கூட்டி வா."

மற்றவர்களுக்கும் இப்படியே எழுதி அனுப்பினேன்.

நாள் 414 | மாலை 4.20

குடியிருப்பு ஆணையர் ரகோத்தமனிடமிருந்து:

"வேலை நேரத்தில் தொழிலாளர்களை அழைப்பதை நிறுத்தவும். கப்பலுக்குப் பனிக்கட்டி ஏற்றி முடியும் வரை மருத்துவச் செய்தி வழி மூடப்படுகிறது."

மூடியும்விட்டார். திரையில் என் பெயர் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது.

குழிகளுக்குப் போகும் செய்தி எதுவானாலும் மேட்டு உச்சியில் இருக்கும் அலைக்கோபுரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே காற்று அடைத்த ஒரு கூண்டு அறை உண்டு. கையால் தட்டி அனுப்பும் கருவியும் உண்டு. அதை மூட அவரால் இங்கிருந்து முடியாது. புயலானாலும் வண்டியை எடுத்துக்கொண்டு நான் போகிறேன்.

நாள் 415 | காலை 8.40 | கோபுர அறை

இரவெல்லாம் ஊர்ந்து வந்து சேர்ந்தேன். கடைசிச் சரிவில் வண்டி புழுதியில் புதைந்துவிட்டது. மிச்சத்தைத் தவழ்ந்துதான் ஏறினேன். சூரியத் தகடுகள் மேல் புழுதி. மின்கலம் கால்வாசி. ஹீட்டர், கோபுரம், இரண்டில் ஒன்றுதான் ஓடும்.

ஹீட்டரை அணைத்தேன்.

ஆணையர்: "உடனே திரும்பவும். இது உத்தரவு."

நான்: "திரும்ப மாட்டேன். நடவடிக்கை எடுங்கள், தாராளமாக. முதலில் பிள்ளைகளுக்கு ஊசி."

நாள் 415 | காலை 10.15

முபீனா: "நாலு பேர் வந்திருக்காங்க அக்கா. குப்பியைத் திறக்கவா? மத்தவங்க வரலன்னா மருந்து போச்சு."

நான்: "திற. மற்றவர்களை நான் வரவழைக்கிறேன்."

வராதவர்களுக்குப் பெயர் சொல்லி மறுபடி அனுப்பினேன். பிறகு மறுபடி. கையுறையோடு தட்ட வரவில்லை, கழற்றிவிட்டேன்.

நாள் 415 | மதியம் 12.50

பவானி: "மேஸ்திரி பனி வெட்டுற எடத்து வெளிக்கதவைப் பூட்டிட்டான். யாரும் போகக் கூடாதாம்."

பதில் எழுதுவதற்குள் அடுத்தது வந்தது.

பவானி: "மெஷினை நிறுத்திட்டோம் டாக்டர். எல்லாத்தையும். கதவைத் தொறந்தாதான் ஓடும்னு சொல்லிட்டோம்."

இந்தக் குளிரில், தனியாக, சத்தம் போட்டுச் சிரித்தேன்.

நாள் 415 | மதியம் 2.35

முபீனா: "கதவு தொறந்தாச்சு! வரிசையில நிக்கிறாங்க."

முபீனா: "மாசானம் அண்ணன் வேலனைத் தோள்ல தூக்கிட்டு வந்தாரு. உங்களைத் திட்டிக்கிட்டேதான் வந்தாரு."

முபீனா: "முடிஞ்சுது அக்கா. ஒரு பிள்ளை பாக்கியில்ல. குப்பி காலி."

அழுதேன். கண்ணீர் இமையில் உறைந்து ஒட்டிக்கொண்டது. தேய்த்துப் பிரித்தேன்.

நாள் 415 | மாலை, நேரம் சரியாகத் தெரியவில்லை

பவானி: "நாங்க வண்டி எடுத்துட்டு வரோம். யார்கிட்டயும் கேக்கல."

நான்: "புயல் ஓயட்டும். அதுவரை கிளம்பாதே. இன்பாவுக்கு உடம்பு சுட்டால் கஞ்சி கொடு."

இப்போது ஹீட்டரைப் போடலாம். போட்டால் மின்கலம் தீரும். தீர்ந்தால் கோபுரத்தின் நினைவில் இருப்பதெல்லாம் அழியும். இன்னும் ஒரு தவணை பாக்கி இருக்கிறது. நாலு வாரம் கழித்து. அதற்குள் ஆணையர் என்னை நீக்கியிருப்பார். இல்லாவிட்டால் இந்தக் குளிர்.

அதனால் இரண்டாம் தவணைச் செய்திகளை இப்போதே எழுதுகிறேன். நாள் குறித்து, பிள்ளை பெயர் போட்டு. கோபுரம் தானாக அனுப்பும். கீழே யாராலும் நிறுத்த முடியாது.

விரல் நகரவில்லை. முட்டியால் தட்டுகிறேன்

கடைசிப் பதிவு

வேலன் பெயர் போட்டாச்சு. இன்பா போட்டாச்சு. எல்லாம்

குளிர் தெரியவில்லை இப்போது. அது நல்லதில்லை என்று எனக்குத் தெரியும்

கதவைத் திறந்து வருகிறவர் யாராக இருந்தாலும். என்னை அப்புறம் பாருங்கள். தகட்டுப் புழுதியை முதலில் துடையுங்கள். பச்சை விளக்கு எரிந்தால் கோபுரம் ஓடுகிறது. ஆணையரே வந்தாலும் சரி, அதை அணைக்க விடா