நீ சொன்ன இரண்டு நாற்காலி நாடகம்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

எங்கள் தொழிலாளர் விடுதி விழாவுக்கு நீ சிபாரிசு செய்த மூன்று குறுநாடகங்களில், "ரெண்டு நாற்காலி இருந்தா போதும்" என்றாயே, மருத்துவமனையில் காத்திருக்கும் கணவன் மனைவி கதை, அதையே போட்டோம். ஆண்கள் மட்டுமே இருக்கும் இடமல்லவா, மனைவி வேஷம் எனக்கு. சேலையாகச் சுற்றியிருந்த போர்வை தடுக்கி மேடையிலேயே விழுந்தேன். பயப்படாதே, சிராய்ப்புதான். கூட்டம் சிரித்தது. கணவனாக நடித்த வெல்டர் வசனத்தை விட்டுவிட்டு, "மெதுவா எழுந்திரும்மா, நான் இருக்கேன்ல" என்றார். சிரிப்பு அடங்கிவிட்டது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

"இந்த நாடகத்தை யாருப்பா தேடிப் புடிச்சது?" என்று எல்லாரும் கேட்டார்கள். "எங்க வீட்டம்மா" என்றேன். உனக்குத்தான் நன்றி.

இப்போது ஆறு பேர் நடிக்க வருகிறார்கள். அதற்கேற்ற நாடகம் ஒன்று சொல். அதிலும் மனைவி வேஷம் எனக்குத்தானாம்; அந்த வசனத்தை மட்டும் உன் குரலில் பதிவுசெய்து அனுப்பு, மனப்பாடம் பண்ணத்தான்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன்னவன்