கொலைத் தேனீயும் சூசையண்ணையின் இரண்டு பெட்டிகளும்

1994 ஓகஸ்ட் 20, சனி

புழுக்கம். மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. காலை முழுவதும் பின்வளவில் கதிரை போட்டு எழுத்து. அரைப் பக்கத்துக்கு ஒன்றரை மணித்தியாலம். பரவாயில்லை. அறுபத்தொன்பது வயதில் எனக்கு என்ன அவசரம்?

கொப்பி மகள் ரஞ்சி வாங்கித் தந்தது. நீலக் கோடு. "அப்பா, என்ன எழுதப் போறியள்?" "உனக்கேன்?" என்றேன். சிரித்தாள். ஒரு விஷயத்தைச் சொல்லியும் வைக்கலாம், ஒருவருக்கும் கேட்காமலும் வைக்கலாம் என்பது இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது. புகையிலைத் தோட்டத்தில் சத்தம் போட்டுத்தான் பழக்கம்.

இன்று எழுதிப் பழகியவை: ஞாயிறு. ஔடதம். மில்லிக்கன் (கனடாவில் நாங்கள் இருக்கிற இடம்). முதியோர் தமிழ் வகுப்பில் படித்த ஃ இதுவரை ஓரிடத்திலும் தேவைப்படவில்லை. ஏன் வைத்திருக்கிறார்களோ.

பக்கத்து வீட்டுச் சூசையண்ணை வேலிக்கு மேலால் தேன் போத்தல் ஒன்று தந்தார். மன்னார் ஆள். மகளோடும் மருமகனோடும் இருக்கிறார். அவர் வளவில் இரண்டு தேன்பெட்டி. மார்க்கம் பக்கம் பண்ணையில் மரக்கறி பிடுங்கப் போன காலத்தில் பண்ணைக்காரன் கொடுத்தது. வாளியைக் கவிழ்த்து, அதில் இருந்து காலையும் மாலையும் பெட்டியைப் பார்ப்பார். "கந்தையா, நான் இஞ்ச இருக்கிறன் எண்டு உதுகளுக்குத்தான் தெரியும்" என்பார்.

அவர் பெயர் எழுத நேரம் எடுக்கிறது. இனி சூ.

ஓகஸ்ட் 26, வெள்ளி

வெயில். என் வாழ்க்கையில் இன்று நல்ல நாள்.

பிளாசா, தமிழ்க்கடை வாசல். சூ., நடராசா மாஸ்ரர், வழமையான நாலைந்து பேர். இலவசப் பேப்பர்க் கட்டு அப்போதுதான் வந்து இறங்கியது. மாஸ்ரர் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டார். "கந்தையா, நீர்தானே இப்ப படிச்ச ஆள். வாசியும் பாப்பம்" என்று பகிடிக்கு நீட்டினார்.

வாசித்தேன். முதற்பக்கம், முதற்செய்தி. 'கொலைத் தேனீ வருகிறது.' விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக. கடைக்குச் சாமான் வாங்க வந்த பெண்களும் நின்று கேட்டார்கள்.

செய்தி: பிரேசில் நாட்டில் பெட்டியிலிருந்து தப்பிய ஆபிரிக்கத் தேனீ. வருடம் வருடம் வடக்கே. மெக்சிக்கோ தாண்டி இப்போது ரெக்சஸ், அரிசோனா. ஒன்றைச் சீண்டினால் முழுக் கூடும் எழும்பி ஆளைக் கலைத்துக் குத்தும். உள்ளூர்த் தேனீயோடு கலந்துவிடும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கடைசி வரி: 'இவை எந்த எல்லையில் நிற்கும் என்று கேட்டால்'. அவ்வளவுதான். எப்படியான முடிவு!

சூ. மட்டும் தலையை ஆட்டினார். "உது இஞ்ச வராது. பனி தாங்காது."

"அண்ணை, அச்சிலை கிடக்கு" என்றேன்.

"அவர் தன்ரை பெட்டியளுக்காகக் கதைக்கிறார்" என்றார் மாஸ்ரர். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

பேப்பரை மடித்துக் கொண்டுவந்து தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

ஓகஸ்ட் 28, ஞாயிறு

பேத்தி அபிக்கு ஐந்து வயது. பின்வளவில் கேக். பிள்ளைகள் பன்னிரண்டு பேர்.

நாலு மணிபோல் அபி வீரிட்டாள். ஜூஸ் ரின்னில் இருந்து ஒன்று வெளிக்கிட்டு மேல் உதட்டில் குத்திவிட்டது. உதடு வீங்கி மூக்குவரை வந்துவிட்டது. ஐஸ் வைத்தோம். ரஞ்சி அழுகை. ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காருக்கே ஓடிவிட்டாள்.

சூ. வேலிக்கு வந்தார். "பயப்பிடாதேங்கோ, உது குளவி. தேனீ எண்டால் கொடுக்குத் தோலிலை நிக்கும். பாருங்கோ, நிக்குதோ?"

நான் பார்த்தேன். கொடுக்கு இல்லை.

என் மருமகன்: "அங்கிள், பிள்ளை கத்துது. எனக்கு உந்தப் பாடம் வேண்டாம்."

சூ. என்னைப் பார்த்தார். நான் சொன்னது: "கலந்தால் வித்தியாசம் தெரியாது எண்டு பேப்பரிலை போட்டிருக்கண்ணை."

அவர் வேலியிலிருந்து கையை எடுத்துவிட்டு உள்ளே போனார். இரவுச் சாப்பாடு: மிஞ்சின கேக்.

ஓகஸ்ட் 31, புதன்

காற்று. மேப்பிள் மரத்தில் ஒரு கிளை மட்டும் சிவப்பு.

மருமகன் கணினியில் கடிதம் அடித்துக்கொண்டு வந்தார். இங்கிலீசு. நகரசபைக்கு. பக்கத்து வளவில் ஆபத்தான தேனீ, எடுப்பிக்க வேண்டும். பதினொரு வீட்டார் கையெழுத்து வைக்கப் போகிறார்களாம். "மாமா, நாங்கள்தானே பக்கத்து வீடு. நீங்கள் முதல் வையுங்கோ."

"தமிழிலை வைக்கலாமோ?"

"கையெழுத்துத்தானே மாமா. எதிலையும் வைக்கலாம்."

காணி உறுதிக்குப் பெருவிரல். கலியாணப் பதிவுக்குப் பெருவிரல். இந்த நாட்டுக்கு வந்த பேப்பர் எல்லாவற்றுக்கும் பெருவிரல். துடைத்தாலும் இரண்டு நாளைக்கு மை போகாது. இன்று பேனை. வே. கந்தையா. கோட்டுக்கு மேல் நேராக நின்றது. 'ந்' எழுத்தின் புள்ளிகூட அதன் இடத்தில். ரஞ்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பேனையை வைத்த பிறகுதான் சூ.வின் முகம் வந்தது. மருமகனைக் கேட்டேன். "கொண்டுபோய் வேறை இடத்திலை வைப்பார். அவ்வளவுதான் மாமா" என்றார்.

அவ்வளவுதான் என்று நானும் எழுதி வைக்கிறேன்.

செப்ரெம்பர் 10, சனி

குளிர் தொடங்கிவிட்டது.

வியாழக்கிழமை நகரசபை ஆள் வந்தான். இரண்டு கிழமை தவணை. சூ. பண்ணைக்காரனுக்கு ரெலிபோன் அடித்துக் கதைத்துவிட்டார். நாளை ஞாயிறு லொறி கொண்டுவந்து இரண்டு பெட்டியையும் ஏற்றுவதாக அவன் சொன்னானாம். எனக்கும் பாரம் குறைந்தது.

நேற்றுப் பின்னேரம் சூ. பூசைக்குப் போன நேரம் பார்த்து அவருடைய மருமகன் குளவிக்கு அடிக்கிற மருந்து மூன்று ரின் வாங்கி வந்து, பெட்டி வாசலுக்குள் அடித்துவிட்டு, துணியால் அடைத்துவிட்டார். "ஃபைன் வந்தால் ஆர் கட்டுறது?" என்று தாழ்வாரத்தில் நின்று ரெலிபோனில் ஆருக்கோ சொன்னது எனக்குக் கேட்டது.

இன்று காலை சூ. முழங்காலில் நின்று செத்த தேனீக்களைக் கையால் அள்ளினார். மண் அள்ளுகிற சவள் பக்கத்தில் கிடந்தது, தொடவில்லை. இரண்டு அரிசிப் பை. இன்னும் சிலது புல்லில் நடந்து திரிந்தன, இறக்கை ஒட்டிப்போய். அவற்றை அள்ளாமல் விட்டுக்கொண்டு போனார்.

வேலியில் நின்று "அண்ணை" என்றேன். திரும்பவில்லை.

சாப்பாடு: புட்டு. மருந்து: போட்டேன். வேறு எழுத ஒன்றும் இல்லை.

செப்ரெம்பர் 13, செவ்வாய்

தூறல். வகுப்பு.

வீட்டுவேலையாக ஒரு பேப்பரை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கச் சொல்லியிருந்தார் ரீச்சர். என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். மூன்று நாளாக வாசித்தேன். கல்யாணம், மரண அறிவித்தல், வீடு விற்பனை. பதினாலாம் பக்கம், ரயர் விளம்பரத்துக்குக் கீழே, தலைப்பு ஒன்றும் இல்லாமல் ஒரு துண்டு. முதற்சொல்லே நடுவில் தொடங்குகிறது:

'கனடாவுக்கு வராது என்றே நிபுணர்கள் சொல்கிறார்கள். நீண்ட குளிர்காலத்தை இவற்றால் தாங்க முடியாது. உள்ளூர்த் தேனீக்களை மக்கள் அச்சத்தால் அழிக்க வேண்டாம்.'

ரீச்சரிடம் கொண்டுபோனேன். "ஐயா, இது முன்பக்கச் செய்தியின்ரை மிச்சம். இடம் காணாட்டி உள்ளுக்கை போடுவினம். பாருங்கோ, கீழை சின்னனாப் போட்டிருக்கு, 14ஆம் பக்கம் பார்க்க."

அந்தச் சின்ன எழுத்தை நான் அன்றைக்கே கண்டேன். அச்சுக்கூடத்தின் பெயராக்கும் என்று விட்டுவிட்டேன்.

ரீச்சர் முதுகில் தட்டினார். "தனியக் கண்டுபிடிச்சிட்டியளே, கெட்டிக்காரன்!" மற்றவர்கள் கை தட்டினார்கள். பஸ்ஸில் வரும்போது மூன்றுமுறை வாசித்தேன். ஓரிடத்திலும் தடக்கவில்லை. அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. வெட்கம் அதுதான்.

செப்ரெம்பர் 16, வெள்ளி

பிளாசா. சூ. வரவில்லை. அவர் வழமையாக இருக்கிற மரவாங்கின் முனையில் ஒருவரும் இருக்கவில்லை.

மிச்சத்தை எழும்பி நின்று வாசித்தேன். கடைக்காரர் மரவள்ளிக்கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தார். புதுப் பேப்பர் வந்துவிட்டது, பழசை ஆர் கேட்பது?

மாஸ்ரர்: "நான் அண்டைக்கே வீட்டை போய்க் கண்ணாடி போட்டு முழுக்க வாசிச்சனான் கந்தையா."

"அப்ப ஏன் மாஸ்ரர் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்ல? பெட்டி போனது நல்லதுதானே. நாளைக்குப் பிள்ளையளைக் குத்தினால் நீரோ பொறுப்பு?"

பக்கத்தில் இருந்தவர்: "அது சரி, போனது போச்சு. தேத்தண்ணி குடிப்பம் வாரும்."

குடித்தேன். ஏன் குடித்தேன் என்று தெரியவில்லை.

இரவு மருமகனிடம் சொன்னேன், என் பெயரை அந்தக் கடிதத்தில் வெட்டிவிட முடியுமா என்று. "மாமா, அது எப்பவோ ஃபைலுக்குள்ளை போயிட்டுது."

செப்ரெம்பர் 18, ஞாயிறு

மேகமூட்டம். வேலியால் கூப்பிடவில்லை. சுற்றிப் போய் முன்வாசலில் மணி அடித்தேன். சூசையண்ணையின் மகள் திறந்து, பேஸ்மென்டைக் காட்டினாள்.

கட்டிலில் இருந்தார். பூசைக்குப் போட்ட சேட்டு மாற்றவில்லை.

"அண்ணை, அந்தச் செய்தியிலை மிச்சம் இருந்தது. நான் பாக்கேல்லை. வாசிக்கட்டோ?"

நின்றபடி வாசித்தேன். குளிர்காலத்தைத் தாங்க முடியாது என்ற வரியை இரண்டுமுறை வாசித்தேன். பனி தாங்காது என்று அவர் அன்று சொன்ன அதே விஷயம். முடிவுவரை வாசித்தேன். பேப்பரை மடிக்கத் தெரியாமல் மடித்தேன்.

அவர்: "அந்த நகரசபை ஒபிசர் எனக்குக் கடிதத்தைக் காட்டினவன். முழுக்க இங்கிலீசு. ஒரு பேர்தான் எனக்கு வாசிக்கத் தெரிஞ்சது."

பேப்பரைச் சேட்டுப் பைக்குள் வைத்தேன்.

"வடிவாத்தான் எழுதியிருந்தீர்."

பிறகு கால்மாட்டில் கிடந்த போர்வையை இழுத்துக் காலில் போட்டார். படுக்கவும் இல்லை. மேலே ஆரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து பூட்டினார்கள்.

"போட்டு வாறன் அண்ணை" என்றேன்.

இந்த நாலு வருடத்தில் எத்தனை தரம் அவரிடம் அப்படிச் சொல்லி வெளிக்கிட்டிருப்பேன். ஒவ்வொரு தரமும் "போட்டு வாரும் கந்தையா" என்பார்.

"போம்" என்றார்.